கேமராவுக்கு வைத்த பொட்டு

தோழிகளே, நம் ஒன்பதாம் வகுப்புக் குழுவில் மூட்டுவலித் தைலங்களுக்கும் காலை வணக்கப் பூக்களுக்கும் நடுவே உருப்படியாக ஒன்று வருவது அபூர்வம். போன வாரம் வந்தது. தபால்காரர் மகள், தன் பேத்தி பள்ளிக்கூடத்துக்காகச் செல்போனில் எடுத்த வீடியோவைப் போட்டிருந்தாள். இரண்டு நிமிடம். எறும்புகள் சர்க்கரை தூக்கிப் போகின்றன, பின்னால் இசை, கடைசியில் எல்லாருக்கும் நன்றி. நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே அவளே எழுதினாள்: ‘நாமளும் எடுத்தோமே, தரையைப் படம் புடிச்சோமே, ஞாபகம் இருக்காடி?’ உடனே இருபது பேர் சிரிக்கும் முகம் போட்டீர்கள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தத் தரைப் படத்தைப் பற்றி எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் ஒன்று உண்டு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதைச் சொல்லிவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஐம்பதைத் தாண்டிவிட்டோம். இனி ஒருத்தருக்கொருத்தர் எதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

கேமரா வந்த கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. நம் பள்ளியில் படித்துச் சிங்கப்பூரில் குடியேறிய ஓர் அக்கா, தான் வைத்திருந்த வீடியோ கேமராவைப் பள்ளிக்குக் கொடுத்தார். தோளில் வைத்துப் பிடிக்கிற பெரிய சாமான். கருப்புப் பெட்டிக்குள், சாம்பல் நிற நுரைமெத்தையில், கைக்குழந்தை போலப் படுத்திருக்கும். பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் செருப்புக் கடைக்குள் நுழைந்தது போல ஒரு வாசனை அடிக்கும். தலைமையாசிரியை அதை ஒரு வருடம் பீரோவில் பூட்டி வைத்தார். பிறகு அந்த அக்கா ஊருக்கு வருவதாகக் கடிதம் வந்ததும் பதறிப்போய், யாருக்கு வகுப்பு குறைவு என்று கால அட்டவணையைப் பார்த்தார். தையல் டீச்சருக்குத்தான் குறைவு. நமக்கு வீடியோ சொல்லிக்கொடுக்கத் தையல் டீச்சர் வந்தது இப்படித்தான். இதில் வேறு யோசனை எதுவும் கிடையாது.

டீச்சருக்கு அப்போது இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். கேமராவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கூட வந்த ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துப் படித்து, நம்மைவிட ஒரு பாடம் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. ‘இந்தப் பக்கம் நேத்துத்தான் வெளங்குச்சு’ என்று சொல்லிக்கொண்டுதான் பாடத்தை ஆரம்பிப்பார். கோபம் மட்டும் மூக்குக்கு மேல் வரும்.

முதல் நாள் கேட்டார்: “துணியில கத்திரி வைக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்வோம்?”

“பேப்பர்ல வெட்டிப் பாப்போம் டீச்சர்.”

“அதேதான். நம்மகிட்ட வெட்டி ஒட்டுற மிஷின் கெடையாது. எந்த வரிசையில புடிக்கிறோமோ அந்த வரிசையிலதான் படம் ஓடும். தப்பா விழுந்தா டேப்பைப் பின்னாடி ஓட்டி அதுமேலதான் மறுபடி புடிக்கணும். பழசு போயிரும். அதனால முதல்ல பேப்பரு.”

ஒரு மாதம் கேமராவை நாம் தொடவே இல்லை. சோப்பு டப்பா அட்டையில் சதுரமாக ஒரு ஓட்டை வெட்டி, அதை ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்கத் திரிந்தோம். வாசலில் மாங்காய் விற்கிற அம்மாவின் கையை அந்த ஓட்டைக்குள் வைத்துப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை அவர் விரலில் மிளகாய்ப் பொடி ஒட்டியிருக்கும் என்பதை நான் கவனித்ததே இல்லை. ஓட்டைக்குள் பார்த்ததை நோட்டில் வரிசையாக வரைய வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் வரைந்தால் டீச்சர் கத்துவார்: “ரவிக்கைக்குள்ள பாவாடையைத் திணிக்கிற மாதிரி திணிக்காதீங்கடி!” அந்த அட்டையை ரொம்ப நாள் பத்திரமாக வைத்திருந்தேன். வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது.

பிறகு குழு பிரித்தார். மூன்று மூன்று பேர். ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படம் பிடிக்க வேண்டும். நல்லதாக ஒன்று சிவகங்கையில் நடக்கும் கண்காட்சிக்குப் போகும். என் குழுவில் தபால்காரர் மகளும் பெரிய வீட்டுக்காரியும். பெரிய வீட்டுக்காரி என்று நாம்தான் பெயர் வைத்தோம். நேமத்தான்பட்டியில் அவர்கள் வீட்டு முன்வாசலில் நுழைந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். தினமும் காரில் வந்து இறங்குவாள். ஆனால் நம்மோடு மண்ணில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

அவள்தான் சொன்னாள்: “அண்ணனுக்குக் கல்யாணம். பாத்திரம் எல்லாத்தையும் வெளிய எடுத்துத் தேய்க்கப் போறாக. கருப்பா இருக்கிற அண்டா மஞ்சளா மாறுறதைப் புடிக்கலாம்டி.”

டீச்சர் கையைத் தட்டினார். “தொடக்கமும் தெரியும், முடிவும் தெரியும். நல்ல யோசனை.” நான் மட்டும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். என் அப்பா காரைக்குடிச் செக்காலையில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நிலபுலம் இருந்தது. நிலம் போன பிறகும் அப்பாவிடம் அந்த நினைப்பு போகவில்லை. ‘நம்ம வீட்டுப் பொம்பளைக அடுத்தவக வாசல்ல போயி வேலைக்கு நிக்கிறதா?’ என்பார். ஆனால் அம்மா நின்றாள், அப்பாவுக்கும் தெரியும். கல்யாண வீடுகளில் பாத்திரம் தேய்த்து அடுக்கும் வேலை. தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று காரைக்குடிக்குள் போகாமல், பஸ் ஏறி நேமத்தான்பட்டிப் பக்கம் போவாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் கோயிலுக்கு என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கும் அது வாயில் ஊறிவிட்டது. உங்கள் எல்லாரிடமும், ‘எங்கம்மா வீட்டுலதான் இருக்காக’ என்று சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்காதபோதே சொல்லியிருக்கிறேன்.

நேமத்தான்பட்டியில் எந்த வீடு என்று அம்மா சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. அங்கே பெரிய வீடுகளுக்கா பஞ்சம்? இந்த வீடாக இருக்காது என்று ஒரு வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவிடம் ‘சனிக்கிழமை பள்ளிக்கூடத்து வேலை இருக்கு’ என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை நானும் தபால்காரர் மகளும் பஸ்ஸில் கேமராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனோம். டீச்சர் எங்களை அனுப்புவதற்கு முன் பத்துத் தடவை சொன்னது ஒன்றே ஒன்று: சிவப்பு விளக்கு. பட்டனை ஒரு தடவை அழுத்தினால் படம் பிடிக்கும், மறு தடவை அழுத்தினால் நின்றுவிடும். ஓடுகிறதா நிற்கிறதா என்று கண் வைத்துப் பார்க்கும் குழாய்க்குள் எழுத்தில் காட்ட வேண்டும். நம் கேமராவில் அந்த எழுத்து எப்போதோ செத்துவிட்டது. முன்பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும்தான் அடையாளம். அதனால் ஒருத்தி கேமராவுக்கு முன்னால் நின்று விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலை தபால்காரர் மகளுக்கு. கேமரா எனக்கு. எனக்குத்தான் கை ஆடாது என்று டீச்சர் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

வாசலிலேயே ஆச்சி எங்களை நிறுத்தினார். பெரிய வீட்டுக்காரியின் அம்மா. அவர்கள் வீட்டில் அம்மாவை ஆத்தா என்பார்கள், நாங்கள் ஆச்சி என்போம். கையில் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும்.

“கல்யாண வீட்டுக்குள்ள மொத மொதலா வருது. வெறும் நெத்தியோடயா உள்ள விடுறது? இதுக்கு நெத்தி எங்குட்டு இருக்கு?”

அவர் பக்கத்தில் நின்ற பெரிய வீட்டுக்காரி முன்பக்கத்தைக் காட்டினாள். நான் கேமராவைத் தோளில் வைத்தபடி குனிந்தேன். ஆச்சி நிதானமாகச் சந்தனத்தை அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். நல்ல ரூபாய் அளவுப் பொட்டு. சிவப்பு விளக்கின் மேலேயே வைத்துவிட்டார். நான் குனிந்தபோது என் கட்டைவிரல் பட்டனில் அழுந்தியிருக்கிறது. எனக்குத் தெரியாது. கேமரா அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது.

நடையைத் தாண்டியதும் தபால்காரர் மகள் கிசுகிசுத்தாள்: “சந்தனம் மூடிருச்சுடி. வெளக்கு தெரியல. தொடைச்சிரவா?”

“ஐயையோ, கல்யாண வீட்டுல வச்ச பொட்டை அழிப்பாகளா? ஆத்தா பாத்தாகன்னா தோலை உரிச்சிருவாக” என்றாள் பெரிய வீட்டுக்காரி.

மூன்று பேரும் நின்று யோசித்தோம். யாருக்கும் கை வரவில்லை. உங்களில் யாராக இருந்தாலும் வந்திருக்காது. “சரி, நான் மனசுக்குள்ள கணக்கு வச்சுக்கிறேன். ஒரு அமுக்குக்கு எரியும், மறு அமுக்குக்கு அணையும்” என்றாள் தபால்காரர் மகள். அவள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. முதல் அமுக்கு மட்டும் அதில் சேரவில்லை. அதன்பின் நாங்கள் படம் பிடிப்பதாக நினைத்தபோதெல்லாம் கேமரா நின்றது. நிறுத்திவிட்டதாக நினைத்துக் கையைத் தொங்கவிட்டபோதெல்லாம் ஓடியது.

பின்கட்டில் கிணற்றடி. ஐந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அண்டாக்கள், தவலைகள், குத்துவிளக்குகள், எல்லாம் கரிக்கட்டை போல. ஊறின புளி ஒரு சட்டியில், சலித்த செங்கல்பொடி ஒரு முறத்தில். புளியும் பித்தளையும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும், பல் கூசும். மூன்றாவதாக உட்கார்ந்திருந்தது என் அம்மா.

ஓடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. தோளில் கேமரா இருந்தது. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எங்கள் மூன்று பேரையும் பொதுவாகப் பார்த்துச் சிரித்தாள்.

“வாங்க பிள்ளைகளா. எந்தப் பள்ளிக்கூடம்? வெயில்ல நிக்காம இங்குட்டு நிழலுக்கு வாங்க.”

எனக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தெரியாதவளாக இருக்கப் போகிறாள். தோழிகளே, எனக்கு உயிர் வந்தது. அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்கிறேன்: நானும் சேர்ந்துகொண்டேன். “நீங்க பாட்டுக்குத் தேயுங்க. கேமராவைப் பாக்காதீங்க” என்றேன். என் அம்மாவை நான் நீங்க என்று சொன்னது அன்று ஒரு நாள்தான்.

“எம் மூஞ்சி வேணாம். கையை மட்டும் புடி” என்றாள் அம்மா.

நோட்டில் வரைந்த வரிசைப்படியே எடுத்தேன். கருப்பு அண்டா. அதில் புளியை அப்புகிற கை. செங்கல்பொடியை அள்ளித் தூவுகிற கை. அந்தக் கை வட்டம் வட்டமாகச் சுற்றச் சுற்ற, கருப்புக்கு அடியிலிருந்து மஞ்சள் வருகிறது. கடைசியில் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்ததும் கண் கூசியது. ஒவ்வொன்றுக்கும் பத்து எண்ணினேன். அவ்வளவு அழகாக நான் பிறகு எதையும் பார்த்ததில்லை. அந்தக் குழாய்க்குள் எல்லாம் கருப்பு வெள்ளையில்தான் தெரியும், இருந்தும் எனக்கு மஞ்சள் தெரிந்தது.

இடையில் மற்ற இருவரும் ஆச்சி கொடுத்த மோரை வாங்கி வர உள்ளே போனார்கள். மற்றப் பெண்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனார்கள். நான் கேமராவை நிறுத்தி இடுப்போடு தொங்கவிட்டேன், அதாவது நிறுத்தியதாக நினைத்தேன். அம்மா எழுந்து பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினாள். யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவள் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை. நான் ஒரு வார்த்தையும் பதில் பேசவில்லை. காலடிச் சத்தம் கேட்டதும் அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை தையல் அறையில் படம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மிஷின்களைச் சுவரோரம் தள்ளி, தலைமையாசிரியை அறையிலிருந்து டிவியையும் டெக்கையும் தூக்கி வந்தோம். முப்பத்தெட்டுப் பேரும் தரையில். முதலில் ஆச்சியின் கண்டாங்கிச் சேலைக் கரை வந்தது. பிறகு நடையின் பூப்போட்ட கல் தலைகீழாக ஓடியது. பிறகு தபால்காரர் மகளின் கால், ஒரு கோழி, மறுபடி கால். என்ன நடந்திருக்கிறது என்று டீச்சருக்கு முதல் நிமிடத்திலேயே விளங்கிவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டார். நீங்கள் உருண்டு உருண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். திரையில் புளித்தண்ணீர் ஓடுகிற தரையும் ஈரமான இரண்டு பாதங்களும் வந்தன. அப்போது அந்தக் குரல்.

“ஏன் தாயி, காலையில கஞ்சியைக் குடிக்காமயே வந்துட்டியா? அடுப்பு மேல மூடி வச்சிட்டுத்தானே வந்தேன்.”

சிரிப்பு குறைந்தது.

“தோளு செவந்து போச்சு பாரு. கொடு, ஒரு நிமிசம் நான் தாங்கிக்கிறேன். அம்மா கையில ஈரம் இல்ல.”

படம் ஆடியது. சேலைத் தலைப்பு திரையை மூடியது. இருட்டுக்குள் அவள் சிரிக்கும் சத்தம் மட்டும்.

“பாவாடைக் கொக்கி அவுந்து கெடக்கு, திரும்பு. இதைத் தோள்ல வச்சுக்கிட்டு நிக்கையில கலெக்டரு கணக்கா இருக்க தாயி.”

உங்களில் ஒருத்தி கேட்டாள்: “யாருடி அது?”

நான்தான் பதில் சொன்னேன். ரொம்ப வேகமாகச் சொன்னேன். “அந்த வீட்டுல பாத்திரம் தேய்க்கிறது. அது எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் பேசும்.”

அது என்றேன். சொல்லிவிட்டுப் பெரிய வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் வீட்டு ஆள், அவளுக்குத் தெரியாதா என்று பயம். அவள் தலையைக்கூடத் திருப்பாமல், “ஆமாடி, எங்க வீட்டுல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாக” என்றாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். டீச்சர் எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். படம் பாழாகிவிட்ட கோபம் என்று நீங்கள் நினைத்தீர்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, அதனால் அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

எல்லாரும் போன பிறகு டீச்சர் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். கையில் டேப்.

“இதுமேலதான் மறுபடி புடிக்கணும். நீ வேணாம்னு சொன்னா, இதை அப்படியே வச்சிருவோம். வேற டேப்புக்கு நான் எச்.எம்.கிட்டக் கேட்டுப் பாக்குறேன். என்ன சொல்றே?”

“இதுலயே புடிச்சிரலாம் டீச்சர். அதுல ஒண்ணும் இல்ல.”

“நல்லா யோசிச்சுக்க.”

“ஒண்ணும் இல்ல டீச்சர்.”

சரி என்றார். அவரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் ஒண்ணும் இல்லை என்றால் அதை அப்படியே எடுத்துக்கொண்டாரே, அந்த ஒன்றுதான். அவருக்கும் வயது குறைவு. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், டேப்பும் பிழைத்திருக்கும்.

மறுபடி நேமத்தான்பட்டிக்குப் போக நான் சம்மதிக்கவில்லை. பெரிய வீட்டுக்காரி வீட்டிலிருந்து ஒரு கருத்த செம்பைக் கொண்டு வந்தாள். தையல் அறை வாசலில் வைத்துப் பிடித்தோம். அவளுக்கும் தபால்காரர் மகளுக்கும் தேய்க்க வரவில்லை, புளியை அள்ளிப் பூசிவிட்டு முழித்தார்கள். நான் கேமராவை அவர்களிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். முதலில் புளி, கொஞ்சம் ஊற வேண்டும், பிறகு பொடி, கை வட்டம் வட்டமாக. எப்படிடி உனக்கு வருது என்று யாரோ கேட்டீர்கள். என்ன சொன்னேனோ. சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது, தபால்காரர் மகள் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள்ளே, அம்மாவின் குரல் இருந்த அதே இடத்தில், என் கை விழுந்துகொண்டிருந்தது.

அம்மா ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். “படம் வந்துருச்சா? கை தெரியுதா?”

“நல்லாத் தெரியுதும்மா” என்றேன். அப்போது வேறு எதையும் சொல்லத் தைரியம் இல்லை.

சிவகங்கைக்கு எங்கள் குழுவின் படம் போகவில்லை. சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற படம் போனது, நியாயம்தான். ஆனால் அதற்கு முன் பள்ளியிலேயே ஒரு நாள் எல்லாப் படங்களையும் பெற்றோருக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்பாவுக்குக் கடையில் விடுப்பு இல்லை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்:

“நான் வந்து பின்னாடி நின்னு பாத்துட்டுப் போயிரவா தாயி? ஒங்கிட்டப் பேச மாட்டேன்.”

வா என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த அளவுக்காவது இருந்தேன். வந்தாள். பச்சைப் பட்டுக்கரைச் சேலை, கொஞ்சம் மல்லிகை. கூட்டத்துக்குப் பின்னால் ஜன்னலோரம் நின்றாள். சொன்னபடியே என் பக்கம் வரவில்லை. செம்பு தேய்க்கிற படம் ஓடியது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தை நீட்டி, வாயைக் கொஞ்சம் திறந்து, கண் கொட்டாமல் பார்த்தாள். முடிந்ததும் எல்லாரும் கைதட்ட, அவளும் தட்டினாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் கிளம்பிவிட்டாள்.

அன்று இரவு சோறு போடும்போது சொன்னாள்: “நல்லா இருந்துச்சு தாயி.” குழம்பு ஊற்றினாள். “கேமராவுல கை ரொம்பச் சின்னதாத் தெரியும் போல.”

“ஆமாம்மா, அப்படித்தான் தெரியும்” என்றேன்.

அண்டா எப்படிச் செம்பானது என்று அவள் கேட்கவே இல்லை. அதன் பிறகு எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். என் கல்யாணம், என் பிள்ளைகள், அப்பாவின் சாவு. ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுகிற விஷயங்கள் இருக்கின்றனவே, இது அதில் ஒன்றாகிவிட்டது. அம்மா போய் எட்டு வருடம் ஆகிறது. போட்டோ நாலைந்து இருக்கிறது, ரேஷன் அட்டையில் ஒன்று, கல்யாணக் கூட்டத்தில் பாதி மறைந்த மாதிரி ஒன்று. குரல் இல்லை. போனில் பேசியதெல்லாம் பேசியதோடு போயிற்று. தாயி என்று அவள் கூப்பிடுவதை மனதுக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன். சொல் வருகிறது, சத்தம் வரமாட்டேன் என்கிறது.

நீங்கள் எல்லாரும் அதைக் கேட்டீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அன்று யாருடி அது என்று கேட்டவள் யாராக இருந்தாலும் சரி, அது என் அம்மா.

இதைக் குழுவில் போடுவதற்கு முன், பெரிய வீட்டுக்காரியிடம் மட்டும் முதலில் சொல்லிவிடலாம் என்று நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டேன். இப்போது கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறாள். நான் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள்.

“தெரியும்டி” என்றாள்.

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே தெரியும். அதுக்கு முன்னாடியே தெரியும். ஒங்கம்மா எங்க வீட்டுல ஒக்காந்து தேய்க்கையில பேசுற பேச்சே ஒன்னையப் பத்தித்தான். கணக்குல எத்தனை மார்க்கு, கட்டுரையில என்ன எழுதுனே, எல்லாம் எங்க ஆத்தாவுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கேமரா கொண்டு வாராகன்னு ஆத்தா சொன்ன ஒடனே, ‘ஆச்சி, எம் மகளும் வருவா. யாரும் எங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீக, பிள்ளை கூசிப் போயிரும்’னு ஒங்கம்மாதான் எல்லாருகிட்டயும் சொல்லி வச்சாக. எனக்கும் சேத்துத்தான். ‘அப்ப நீ இன்னைக்கு வீட்டுக்குப் போயிரு, நாளைக்கு வா’ன்னு ஆத்தா சொன்னாக. மாட்டேன்னுட்டாக. ‘அவ கேமராவைத் தூக்கிக்கிட்டு வாரதை நான் பாக்கணும் ஆச்சி’ன்னு ஒக்காந்துட்டாக.”



“ஒனக்கு எங்கம்மா கொரல் ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கேடி. லேசாக் கம்முன மாதிரி இருக்கும்.”

“தாயின்னு எப்படிச் சொல்லுவாக, சொல்லிக் காட்டு.”

சிரித்தாள். பிறகு நான் கேட்பது விளையாட்டுக்கு இல்லை என்று தெரிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள். அவள் குரல்தான் வந்தது. அவளுக்கே திருப்தி இல்லை, இன்னொரு தடவை சொன்னாள். அதுவும் அவள் குரல்தான்.

“வரல, இல்லடி?” என்றாள்.

இன்னொரு தடவை சொல்லு என்றேன்.